கயிறு தளர்ந்த பிறகு

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டுகளில் மழைக்காலம் தொடங்குமுன் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். தேயிலைக்கு வெளிச்சம் வேண்டும். அந்த வேலைக்குக் கான்ட்ராக்டர் ஜெர்சன் முதலில் கூப்பிடுவது லிங்கசாமியைத்தான். மரத்தில் ஏறிவிட்டால் அவர் இறங்குவதற்கே மனமில்லாத ஆள். உச்சியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கேட்டுத் திட்டுவார்கள், சிரிப்பார்கள்.

கீழே கயிறு பிடிப்பவன் தினகரன், அவர் மனைவி மூக்கம்மாவின் தம்பி. வெட்டும் கிளையில் கயிற்றைக் கட்டி, அதைக் கீழிருந்து வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கிளை மரத்தை நோக்கியே திரும்பும்.

அன்று திரும்பியது. பாதி அறுபட்ட கிளை சுழன்று வந்து லிங்கசாமியின் இடது விலாவில் மோதியது. இடுப்பில் கட்டியிருந்த கயிறு அவரை மரத்தோடு பிடித்துக்கொண்டது. மூச்சு வரவில்லை. குனிந்து பார்த்தார். தினகரனின் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் போன். முகம் அப்போதுதான் நிமிர்ந்தது.

எப்படியோ மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தானே இறங்கினார்.

ஜீப்பில் போகும்போது ஜெர்சன் சொன்னார்: "லிங்கசாமி, ஆஸ்பத்திரியில ஊட்டுப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க. மரத்துல அடிபட்டதுன்னா எஸ்டேட்காரங்க எனக்கு வேலையே குடுக்க மாட்டாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல."

லிங்கசாமி அப்படியே சொன்னார். மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. இதற்கு மாவுக்கட்டு கிடையாது, தானாகத்தான் கூடும், ஆழமாக மூச்சு விடுங்கள் என்றார் டாக்டர். ஆழமாக மூச்சு விடுவதுதான் முடியாத காரியமாக இருந்தது.

வீட்டில் மூக்கம்மா கேட்டாள்: "ஏனுங்க, இத்தன வருசம் ஏறுனவரு, கெளை எந்தப் பக்கம் வருமுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"கவனிக்காம இருந்துட்டேன் புள்ள" என்றார். தினகரனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குப் பிறந்தவீடு என்று மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். ஏன் அதைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தார்.

படுக்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார். மழைக்காலத்து ஈரத்தில் சளி பிடித்தது. இருமல் வருவது தெரிந்ததும் தலையணையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்படியும் கண்ணில் நீர் வந்துவிடும். மூக்கம்மா பழைய சேலையைக் கிழித்து நெஞ்சைச் சுற்றிக் கட்டினாள். இறுக்கினால் சளி உள்ளேயே கட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அதை அவிழ்த்துப் போட்டாள். டி.வி.யில் காமெடி வந்தால் நிறுத்தச் சொல்லுவார். சிரித்தால் வலித்தது. கொஞ்ச நாளில் சிரிப்பு வருவதே நின்றுபோனது.

அந்த வீட்டில் அவர் காதில் ஓயாமல் விழுந்தது ஒன்றுதான். யார் நலம் விசாரிக்க வந்தாலும் மூக்கம்மா சொல்லுவாள்: "பாட்டுப் பாடிக்கிட்டே வெட்டுனா இப்படித்தானுங்க ஆகும்."

லிங்கசாமி தலையணையை இழுத்து விலாவில் வைத்துக்கொள்வார்.

மழை விட்டதும், காற்றில் முறிந்து தொங்கும் கிளைகளை வெட்டும் வேலை வந்தது. லிங்கசாமி ஏறிப் பார்த்தார். இரண்டு ஆள் உயரம்கூடப் போகவில்லை. இடது கையை மேலே தூக்கிய இடத்திலேயே மூச்சு நின்றது. இறங்கி வந்து மரத்தடியில் குந்திக்கொண்டார். ஜெர்சன் அவர் பக்கத்தில் கிடந்த ரம்பத்தை எடுத்தார். பிறகு, "தினகரன் ஏறட்டும். நீங்க கயித்தப் புடிங்க" என்றார்.

தினகரன் ஏறினான். முதல் கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டு வெகுநேரம் ரம்பத்தை வைக்காமல் கீழே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இறுக்கிப் புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன். வெட்டு."

"நெசமாவா மாமா?"

"வெட்டுடா!"

கிளை சரியாக வெளிப்பக்கம் விழுந்தது. இழுத்த இழுப்பில் லிங்கசாமியின் விலாவுக்குள் ஏதோ கிழிந்தது போலிருந்தது. தினகரன் மேலிருந்து சிரித்தான்.

தீபாவளிக்குத் தினகரன் சாப்பிட வந்தான். மூக்கம்மா அவன் இலையில் கறியை அள்ளி வைத்தாள். "எந்தம்பி மாதிரி மரம் ஏற இப்ப இந்தப் பக்கத்துல ஆளே இல்லீன்னு ஜெர்சன் சொல்றாரு" என்றாள். லிங்கசாமி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

தினகரன் போனதும் அவளிடம் சொன்னார்: "அன்னிக்குக் கயித்த விட்டது உந்தம்பிதான். போன் பாத்துக்கிட்டு நின்னான்."

மூக்கம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க" என்றாள். "அன்னிக்கே வந்து அழுதுட்டுச் சொன்னான்."

"தெரிஞ்சுமா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் என்னயச் சொன்ன?"

"வேற யாரச் சொல்றதுங்க? நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே. அவனுக்கு இன்னும் பொண்ணு அமையலீங்க. கயித்த விட்டவன்னு பேரு வந்தா எவன் குடுப்பான்?"

அவர் அவளுக்காகத்தான் அத்தனை மாதம் பொத்தி வைத்திருந்தார். பொத்தி வைக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அக்காளும் தம்பியும் தெரிந்துகொண்டே அவரைப் பேசாமல் இருக்க விட்டிருக்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு வேண்டிய மூச்சை உள்ளே இழுக்கும்போதே விலா பிடித்துக்கொண்டது. கதவுநிலையைப் பிடித்தபடி குனிந்து நின்றார். மூக்கம்மா ஈரக்கையோடு தலையணையை எடுத்து வந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

இப்போதும் காலையில் ஜெர்சன், தினகரன், லிங்கசாமி மூன்று பேரும் ஒரே ஜீப்பில்தான் போகிறார்கள். தினகரனுக்கு முன் சீட்டு. லிங்கசாமி பின்னால், சுருட்டிய கயிறுகளின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். கூடலூர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவர் விலாவுக்குத் தெரியும். தினகரன் திரும்பி, "மாமா, டீ குடிக்கலாமுங்களா?" என்று கேட்பான். அவர் ரோட்டோரத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.