ஹத்து என்றால் பத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்யாணமாகி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பெங்களூர் தொம்மலூருக்கு வந்த முதல் கோடையில், வீட்டுக்காரர் என்னைச் சின்ன ரயிலில் நந்தி மலைக்கு அழைத்துப் போனார். படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. "காத்து எப்படி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த மனிதரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அடிவார ஸ்டேஷனில் அவர் இடம் பிடிக்க முன்னால் ஓடிப் பெட்டியில் ஏறிவிட்டார். நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து கார்டு, "ஹத்தம்மா, ஹத்து!" என்றார். காய்கறிக்காரியிடம் ஒன்று முதல் பத்து வரை கற்றதுதான் என் கன்னடம் முழுக்க. ஹத்து என்றால் பத்து. ரயில் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது! "ஹத்து, ஹத்து" என்று நானும் தலையாட்டிவிட்டு, நிம்மதியாக பெஞ்சில் காலை நீட்டினேன்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் வீட்டுக்காரர் அலறினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நல்ல வேளை, அந்த ரயிலுக்கும் என்னைப் போலவே மூச்சு வாங்கும். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கைகொடுத்துத் தூக்கிவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

"கன்னடத்துல ஹத்துன்னா ஏறுன்னும் அர்த்தம்மா" என்றார், எங்கள் ஊர்த் தமிழிலேயே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தமிழ் தெரியுதில்ல? அப்பவே ஏறுன்னு சொல்றதுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"நீதான் கன்னடத்துலயே பதில் சொன்னியே, தாயி!"