நுனி இலை

வரைபடத்தில் எங்கள் ஊர் ஓரத்திலும் ஓரம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நாங்கள் பாறசாலைப் பக்கம் ஏதோ ஒரு மூலை. நாகர்கோவிலில் கேட்டால் மலையாளத்து ஆட்கள். இருக்கட்டும். நகரத்துக் கல்யாணப் பந்திகள் பலவற்றுக்கு வாழை இலை போவது என் போன் வழியாகத்தான்.

போன சித்திரையில், நகரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு, வழக்கமாக என்னிடம் இலை வாங்கும் சமையல் காண்டிராக்டர் என்னைக் கழற்றிவிட்டார். "தமிழ்நாட்டுச் சந்தையில நேரா எடுத்தா லாபமாக்கும் சேச்சி. நடுவில ஒரு ஆள் எதுக்கு?" எனக்குச் சுருக்கென்று தைத்தது. சரி என்று போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு அவரே அழைத்தார். சந்தைக் கட்டுகளைப் பிரித்தால் முக்கால்வாசியும் நுனியில்லாத நடுத்துண்டு. அந்தப் பக்கம் ஓட்டல்களில் அதில் தாராளமாகச் சாப்பிடுவார்கள். இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு நுனி இல்லாத இலையைப் போட்டால் கை நனைக்காமல் எழுந்துவிடுவார்கள்.

"பெண்ணோட அச்சன் கண்ணு கலங்கி நிக்குதாரு சேச்சி. பதினொன்றரைக்குப் பந்தி."

கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நம்பர்களைத் தட்டினேன். செங்கல், பெருங்கடவிளை என்று சுற்று ஊர்களில், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வாழை நிற்கிற பெண்கள். ஒருத்திக்கு மற்றவளைத் தெரியாது. எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

"மக்கா, நுனி எல எவ்வளவு உண்டு? வெட்டி வை, ஆட்டோ வருது."

யாரும் எதற்கென்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "தோசை அடுப்புல கிடக்கு. அவரு பாத்துக்கிடட்டு, நான் வெட்டுதேன்" என்றாள்.

பதினொரு மணிக்கு இலை மண்டபத்தில் இறங்கியது. நகரத்தின் மானத்தை அன்று எங்கள் கொல்லைகள்தான் காப்பாற்றின. பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் காண்டிராக்டர் வீட்டுக்கு வந்தார். நன்றி சொன்னார், சாயா குடித்தார், பிறகு மெல்ல அந்தப் பெண்களின் நம்பர்களைக் கேட்டார். ஆளைப் பாருங்கள். "தாராளமா எழுதிக்கிடுங்க" என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து முதல் நம்பரை அழைத்து, அடுத்த வாரத்துக்கு இலை கேட்டார். அவள் ஏதோ சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, ஆரோ ஒரு ஆளு எல கேக்குதாரு. குடுக்கலாமா?"