'ஏறிட்டியா?' என்று கேட்பதற்கு முன்

கணினித் திரையில் சிவப்பாக நின்ற ஒரு வரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தீர்வு இல்லை என்றது அது. நந்தனத்தில் ஒரு வடிவமைப்பு நிறுவனம். விதிமுறை எழுதும் அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற என்னை ஆலோசகர் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். விதிமுறைகளை மனப்பாடமாக ஒப்பிப்பவனுக்கு வேறு என்ன வேலைதான் தர முடியும்? ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்காருபவர்கள் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் பிராக்கெட், எடை குறைத்து வடிவமைக்க எங்களிடம் வந்திருந்தது. எவ்வளவு பாரம், என்னென்ன நிபந்தனை என்று சொன்னால் வடிவத்தைத் தானே வரையும் மென்பொருள் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார்கள். அது மூன்று நாளாக எதையும் வரையவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான். போல்ட்டைச் சுற்றி உலோகம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை, சக்கரத்தின் பக்கம் உலோகம் வரவே கூடாது என்று இன்னொன்று. இரண்டு எல்லைகளும் அரை மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உத்தரவுக்கும் 'சரி சார்' சொல்லும் ஊழியர்களோடே காலம் தள்ளியவன் நான். முடியாது என்று சொன்ன மென்பொருள்மேல் மரியாதை வந்தது. எல்லையை நகர்த்தியதும் மரக்கிளை போல ஒல்லியான வடிவம் ஒன்று வந்தது. எடை, வண்டியில் இப்போதிருக்கும் பிராக்கெட்டில் பாதி.

மேலாளர் பூரித்துப்போனார். "கம்ப்யூட்டரே தாங்கும்னு சொல்லுது. இனிமே லேப் எதுக்கு?" அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர் நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனதும் சோதனைக்கூடத்தை மூடுவது, அதை நடத்திவந்தவரைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

அவரை டெஸ்டிங் மேடம் என்போம். மயிலாப்பூரில் மாதா கோயிலுக்கு அடுத்த தெரு. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் உள்ள குடும்பம். பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேள்வி கேட்பார். மாதிரி பிராக்கெட் உலோகத்தில் தயாராகி வந்த திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தார்.

"பாரத்தை எங்க சார் வச்சிருக்கீங்க?"

"மேலேருந்து நேர் கீழ. உட்கார்ந்திருக்கிறவங்களோட கால் எடை. விதிமுறை அதுதான் மேடம்."

"உங்க வீட்ல வண்டியில எப்படி ஏறுவாங்க?"

முப்பது வருடமாக மனைவியை ஸ்கூட்டரில் அழைத்துப்போகிறேன். அவள் ஏறி நான் பார்த்ததே இல்லை. காலை ஊன்றி முன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டி இடப்பக்கம் ஒருமுறை அமுங்கும். "ஏறிட்டியா?" என்பேன். "ம்" என்பாள். எங்கள் பாரக் கணக்கு முழுவதும் அந்த 'ம்'முக்குப் பிறகு தொடங்குவது.

"அதுக்கு முன்னாடிதான் சார் எல்லாமே நடக்குது," என்றார் மேடம். "கையில ரங்கநாதன் தெருப் பை ரெண்டு. ஒத்தக் கால். மொத்த எடையும் வெளி நுனியில."

ஏசி ஓடாத சோதனைக்கூடத்தில் நின்ற வண்டியில் பிராக்கெட்டைப் பொருத்தி, என்னை ஓட்டுநராக உட்காரவைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். இம்முறை திரும்பிப் பார்த்தேன். நான்காவது தடவை அந்தக் கிளை சத்தமில்லாமல் வெளிப்பக்கம் மடங்கியது.

ஏறும் காலில் விழும் உடம்பின் முழு எடையையும் அது உந்தும் விசையையும் கணக்கில் சேர்த்தோம். புதிய பாரத்துக்கு மென்பொருள் பெயர் கேட்டது; மேடம் 'ஏறிட்டியா' என்று தட்டினார். கிளைக்கு அடியில் வளைந்த முட்டு ஒன்று முளைத்தது. எங்களில் யாரும் அப்படி வரைந்திருக்க மாட்டோம். எடை கொஞ்சம்தான் கூடியது. வியாழக்கிழமைக்குள் அதையும் உலோகத்தில் செய்து வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் முன்னால் ஐம்பது தடவை ஏறி இறங்கினார் மேடம். பிராக்கெட் அசையவில்லை. மடங்கிய முதல் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த அவர்களுடைய தலைமைப் பொறியாளர், "இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார்.

"எங்க லேப் சார். அதுதானே எங்க பலமே," என்றார் மேலாளர்.

"அப்போ லேப் ஏசியை ரிப்பேர் பண்ணிடலாம்ல சார்?" என்றார் மேடம், அத்தனை பேர் முன்னாலும்.

திங்கட்கிழமையே மெக்கானிக் வந்தார். இன்று அந்த நிறுவனத்தில் மென்பொருள் வரைந்த எதுவும் மேடத்தின் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. அந்த விதிமுறையை எழுதியவன் நான். நான் எழுதியவற்றில் யாரும் திருத்தம் கேட்காதது அது ஒன்றுதான்.