முன்வரிசை நாற்காலி

மூவார் ஆற்றங்கரையில் நோயாளிகள் நலச் சங்கம் நடத்திய சிறுநீரக விழிப்புணர்வு நடை. ‘வைபி’ என்று அழைக்கப்படும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பரிவாரத்துக்கும் போட்ட நாற்காலிகளை ஏற்பாட்டாளர் ஓயாமல் நேராக்கிக்கொண்டே இருந்தார். மடிப்புக் கலையாத டி-சட்டை, கழுத்தில் விசில். சங்கம் என்று ஒன்று உண்டானால், எதற்காக உண்டானது என்பதை மறக்கும். நாற்காலி வரிசையை மட்டும் மறக்காது.

ஒரு நோயாளி அம்மாள் தள்ளாடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“அக்கா, அது வைபி சீட்டு லா. எழுந்திருங்க.”

“நேத்துதான் டயாலிசிஸ் தம்பி. கால் நிக்க மாட்டேங்குது.”

“உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்றோம்? கொஞ்சம் ஒத்துழைங்கக்கா.”

அந்த அம்மாள் எழுந்துபோய்ப் புல்தரையில் உட்கார்ந்தார். முழக்கத்தோடு ஊர்வலம் அவரைக் கடந்து போனது.

அற்பன் என்று அந்த மனிதரை உதறிவிடலாம். ஆனால் ‘அக்கா’ என்றபோது குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.