முட்டைப் பெட்டியும் பிஸ்கட் டின்னும்

கரண்ட் போகப் போகிறது என்றால் எனக்குப் பயம் வராது, சுறுசுறுப்புதான் வரும். பெருமழை வரப்போகிறது என்று வானொலியில் சொன்ன அன்றே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கரண்ட் நின்றால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் குழாயில் காற்றுதான் வரும். ஆகவே முதலில் தண்ணீர். நீல ட்ரம், குடங்கள், பெரிய சோற்றுப் பானை, மகளைச் சின்ன வயதில் குளிப்பாட்டிய பேசின் என்று வீட்டில் குழிவாக இருந்த எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தேன். பிறகு கடைக்குப் போய் பருப்பு, நெத்தலி, டின்மீன், மெழுகுதிரி, டோர்ச்சுக்குப் பற்றரி எல்லாம் வாங்கிவந்தேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் மட்டும் என்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

எரிபொருள் இல்லாமல் நாடு முழுக்க இருட்டில் கிடந்த அந்த வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. அப்போது ஒரு மெழுகுதிரிக்காகப் பக்கத்து வீட்டுக்கு ஓடியவள் நான். இனி யார் வாசலுக்கும் ஓடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன்.

கடைசியாக ஒரு பழைய பிஸ்கட் டின். மேலே மண் சரிந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. அடையாள அட்டைகள், காணி உறுதி, கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்தேன். அதுவரை ஒரு வேலைக்கும் கை கொடுக்காத என் கணவர் அப்போதுதான் எழுந்து வந்தார். தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"இது மேலயே இருக்கட்டும். எப்ப தேவைப்படுமோ தெரியாது," என்றார்.

நான் மூடியை அழுத்தி மூடினேன்.

அவர் கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவர். ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு மீன் கடையிலிருந்து, ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பல்பைப் பூட்டி, பழைய கம்ப்யூட்டரின் குட்டிக் காற்றாடியையும் வைத்து, முட்டை பொரிக்கும் பெட்டி என்றார். நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு எப்போதும் கிராக்கி, வீட்டோடு இருந்தே பிழைக்கலாம் என்பது அவர் யோசனை. முதல் தடவை பல்பு எரிந்துபோய் எல்லாம் கூமுட்டை. இரண்டாம் தடவை சூடு கூடிப்போய் முட்டைகள் பாதி வெந்தே விட்டன. வீடு நாறிய நாற்றத்துக்கு நான் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி போன் எடுத்தார். அங்கே ஒரு சமையலறையில் ஆள் தேவையாம்.

"இன்னும் ஒரு தடவ வச்சுப் பாக்குறேன். இதுவும் கெட்டுப்போச்சுன்னா போயிட்டு வந்துர்றேன்," என்றார் என் கணவர்.

போயிட்டு வந்துர்றேன் என்று சொல்வது சுலபம். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை அப்படிச் சொல்லிப் போனவர்தான். மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மையைக்கூட போட்டோவில்தான் பார்த்தார். இப்போது மகளும் கல்யாணமாகி வவுனியாவுக்குப் போய்விட்டாள். அந்த வருஷங்களை இன்னொரு முறை, அதுவும் தன்னந்தனியாக வாழ என்னால் முடியாது. ஆனால் இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏசுவதற்கு வருகிற வாய், இதற்கு மட்டும் வராது.

மழை பிடித்தபோது மூன்றாவது தடவை முட்டைகள் பெட்டிக்குள் இருந்தன. குஞ்சு பொரிக்க ஆகிற மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒவ்வொரு முட்டையின் ஒரு பக்கத்தில் சிலுவையும் மறுபக்கத்தில் வட்டமும் பென்சிலால் போட்டிருந்தார், எதைத் திருப்பியாயிற்று எதைத் திருப்பவில்லை என்று தெரிவதற்காக. "முட்டைக்குள்ள இருக்கிறப்பவே ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த முட்டையைத் திருப்பினார்.

ஒரு பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பின்னேரம் ரோட்டுப் பக்கம் போய்வந்தவர்கள், மண்சரிவில் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடக்கின்றன, ரோட்டையே காணவில்லை, இப்போதைக்குக் கரண்ட் வராது என்றார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். ஆயத்தமாக இருப்பவளுக்கு உரிய பெருமை எனக்கு இருந்தது. அவரோ குட்டி போட்ட பூனை மாதிரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி வச்சுத் தாறியா? போத்தல்ல ஊத்தி உள்ள வைக்கணும்."

"கேஸ் சோத்துக்கு. முட்டைக்கு இல்ல."

அவர் புதுப் பற்றரி போட்ட என் டோர்ச்சை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். பற்றரியை வீணாக்குகிறாரே என்று பின்னாலேயே போனேன், ஏசுவதற்காகத்தான். யன்னலைச் சாத்தி, டோர்ச் வாயைக் கையால் பொத்தி, அதன்மேல் ஒரு முட்டையை வைத்திருந்தார்.

"வந்து ஒரே ஒரு தடவ பாரு. அப்புறம் ஏசு."

பார்த்தேன். முட்டை முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள். நடுவில் கறுப்பாக ஒன்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும்போதே அது அசைந்தது. வயிற்றில் மகள் முதல்முதலாக உதைத்தபோது நான் எப்படி நின்றேனோ அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை அந்தப் பெட்டியை நான் பார்த்ததெல்லாம் அவரைக் கட்டாருக்கு அனுப்பப்போகிற பெட்டியாகத்தான். உள்ளே உயிர் இருக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

அன்று முதல் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குப் போயிற்று. ப்ளாஸ்க் போயிற்று. குளிருக்கு வைத்திருந்த கம்பளி பெட்டிக்கு மேலே போயிற்று. நுவரெலியாவில் வாங்கிய என் ஸ்வெட்டரைப் போத்தல்களுக்குச் சுற்றினோம். காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீட்டர் பெட்டிக்குள் குடியேறியது. சூடு குறைந்தால் போத்தல் மாற்றுவது, கூடினால் மூடியைக் கொஞ்சம் திறப்பது, முட்டைகளைத் திருப்புவது என்று இரண்டு பேரும் முறை வைத்துப் பார்த்தோம். ஊரெல்லாம் விளக்குக்கு வழி தேடிக்கொண்டிருக்க, நான் அடைக்கோழியாகிவிட்டிருந்தேன். அவர் முறை வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மனம் வராது, அதையும் நானே சேர்த்துப் பார்த்துவிடுவேன். கதிரையில் சாய்ந்தபடி அவர் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த நாட்களில் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தச் செலவுக்குக் கேஸ் எத்தனை நாளைக்கு வரும்? ஒரு காலையில் அடுப்பு பொக்கென்று அணைந்தது. சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இனி யார் வாசலுக்கும் ஓடுவதில்லை என்று வீம்பு பேசியவள், கேத்தலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டுச் சிங்கள அக்காவின் கோழிகள் இட்ட முட்டைகள்தான் எங்கள் பெட்டியில் இருந்தன. அவருக்கு விறகடுப்பு. மழைக்கு முன்பே விறகை வெட்டிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"அனே நங்கி, ஏன் இவ்வளவு நாள் வரல்ல? இந்த அடுப்பு எரிஞ்சிட்டுதானே இருக்கு," என்றார் தன் தமிழில், என்னைத் தங்கச்சியாக்கி.

"உங்களுக்கு எதுக்குக் கரச்சல்னு பாத்தேன் அக்கே."

"என் கோழிட பிள்ளைகள்தானே? எனக்கு என்ன கரச்சல்?"

அதற்குப் பிறகு அவருடைய அடுப்பில் எங்கள் கேத்தல் நிரந்தரமாக உட்கார்ந்தது. எங்கள் பருப்பும் அவருடைய பலாக்காயும் ஒரே அடுப்பில் வெந்தன. எங்கள் ட்ரம்மிலிருந்து அவருக்குக் குடிக்கத் தண்ணீர் போயிற்று. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினேன், அவர் தன் புத்தர் படத்துக்கு முன்னால் பூ வைத்தார். இரண்டும் முட்டைகளுக்காகத்தான்.

அப்படியும் ஒரு விடியலில் இரண்டு பேருமே அயர்ந்து தூங்கிவிட்டோம். நான் விழித்துக் கையை வைத்தபோது போத்தல்கள் ஜில்லென்றிருந்தன. முட்டைகளும் ஆறிக் கிடந்தன. குஞ்சு பொரிக்க ஓரிரு நாள்தான் இருக்கும். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய் அலுமாரியின் மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்தார். கதிரையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டி, எந்த வருஷம் வரை செல்லும் என்று பார்த்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபமா பயமா என்று இப்போது கேட்டால், பயம்தான்.

"அத அப்புறம் பாக்கலாம். முதல்ல முட்டையப் பாருங்க!"

"பாத்து என்ன செய்ய? முடிஞ்சிருச்சு. எனக்குப் பாக்க ஏலாது."

நானே டோர்ச்சை எடுத்தேன். பற்றரி செத்துக்கொண்டிருந்தது, வெளிச்சம் மங்கலாக இருந்தது. முட்டை முக்கால்வாசி கறுப்பாக இருந்தது. மேலே மட்டும் கொஞ்சம் வெளிச்சமான வெற்றிடம். அதில் ஒன்றும் தெரியவில்லை. காதருகே வைத்துக் கேட்டேன். எதுவும் இல்லை. அடுத்ததை எடுத்தேன். அந்த வெளிச்சமான இடத்துக்குள் நிழலாக, அலகு மாதிரி ஏதோ கூராக நீட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக இடித்தது.

"இங்க வாங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நீங்க எங்கயும் போகவேணாம். என்னால தனியா இருக்க முடியாது. இங்க வாங்க."

அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு கேத்தலைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் பின்னேரம் முதல் முட்டையில் விரிசல் விட்டது. அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். மெழுகுதிரி வெளிச்சத்தில், ஈரமாக, பார்க்கவே அசிங்கமாக ஒன்று ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்து கீச்சென்று கத்தியது. அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்று மாற்றி ஒன்று. எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் கூடத் தேறியது. அவர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக் கையில் ஏந்திப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் அதற்குப் பிறகும் சில நாள் கழித்துத்தான் வந்தது. வந்ததும் பெட்டியில் பல்பு எரிந்தது, குஞ்சுகள் அதன் கீழே குவிந்து படுத்தன. நான் ட்ரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தேன், கம்பளியைத் துவைத்தேன். ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து என் மடியில் போட்டார். பாஸ்போர்ட்டும் அதோடு சேர்ந்து விழுந்தது.

"இத எங்கயாச்சும் வை. எனக்கு டின் வேணும். குஞ்சுத் தீனி போட்டு வைக்கிறதுக்கு."

நான் எழுந்து போய், அலுமாரியின் அடித்தட்டில், நான் உடுத்தாத சேலைகளுக்கெல்லாம் அடியில் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துப் பூட்டினேன்.