ஓட்டை விழாத ரப்பர் கை

ஃபிக்ரியா அம்மா எந்த நர்ஸ் பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்குப் போனாலும் முதலில் சோப்பைத்தான் தொட்டுப் பார்ப்பார். தலைமையாசிரியை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பார். இவர் அவரைத் தாண்டிக் கைகழுவும் தொட்டிக்குப் போய்விடுவார். சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தால் அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம். அப்புறம் பதிவேட்டில் எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஸவாக்கி என்ற எங்கள் ஊர் நர்ஸ் பள்ளிக்கூடத்தில் நான் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். என்னை எல்லோரும் உம் ரஜப், அதாவது ரஜபின் அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். பெருக்குவேன், டீ போடுவேன், மணி அடிப்பேன். எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் எந்த இன்ஸ்பெக்டர் எதற்காக வருகிறார் என்பது எனக்குத் தெரியும். சிலர் வாத்துக்கறிக்கு வருவார்கள். சிலர் ஒரு ஜாடி கரும்புப்பாகுக்கு வருவார்கள். ஃபிக்ரியா அம்மா ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வந்து இறங்குவார், கையில் ஒரு துணிப்பையோடு. பையில் வெள்ளைக் கான்வாஸ் செருப்பு, ரொட்டி, ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி. திரும்பிப் போகும் ரயிலில் அதைத்தான் சாப்பிடுவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் டீ குடித்ததில்லை.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். “டீ குடிச்சா என்னம்மா? விஷமா கலந்திருக்கேன்?”

“உங்க டீ மணக்குது, உம் ரஜப். அதான் பயம். குடிச்சிட்டா உங்க எல்லாரையும் எனக்குப் பிடிச்சுப் போயிடும்.”

அவருடைய அப்பா கால்வாயில் மதகு திறந்து மூடுகிற வேலைக்காரர். பெண்களை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினால் ஊர் காறித் துப்பிய காலத்தில் அந்த மனிதர் மகளைத் தானே கழுதைமேல் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டாராம். காய்ச்சல் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை, அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர். அவருடைய கணவர் தந்தி ஆபீஸில் இருந்தார். அவரே ஆனாலும் சாப்பிட உட்காரும் முன் இரண்டு கையையும் நீட்டிக் காட்ட வேண்டும் என்று எங்கள் டீச்சர்கள் கேலி பேசுவார்கள். இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது என் மகள் நஜாத் கடைசி வகுப்பில் இருந்த வருஷத்தைப் பற்றி. அரசாங்கத் தேர்வில் தேறினால் உரிமச் சீட்டு கிடைக்கும். அது இருந்தால்தான் ஒருத்தி நர்ஸ். இல்லாவிட்டால் வெள்ளைத் துணி உடுத்திய பெண், அவ்வளவுதான். ஆனால் தேர்வுக்கு யார் யார் போகலாம் என்ற பட்டியலில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் இறந்த பிறகு எங்களுக்குப் பெரியவர் அவருடைய அண்ணன் ஹாஜி மஹ்ரூஸ். அவர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: “இந்த வருஷம் வரைக்கும்தான். சீட்டு வந்தா வேலைக்குப் போகட்டும். வரலன்னா புத்தகத்த மூடிட்டு வீட்டுக்கு வந்துடணும்.” ஆகவே அந்தப் பட்டியலில் நஜாத்தின் பெயர் வர வேண்டும். எனக்கு உலகத்தில் அப்போது வேறு எதுவும் தேவைப்படவில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஃபிக்ரியா அம்மா வந்தார். சோப்பைத் தொட்டார். ஈரமாக இருந்தது, அதை நான்தான் காலையில் நனைத்து வைத்திருந்தேன். அவர் சோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பதிவேட்டைத் திறந்தார். இருபத்தெட்டுப் பெண்களும் ஊசி போட்டுப் பழகும் ரப்பர் கையில் ஆளுக்கு நாற்பது தடவை குத்தியதாக எழுதித் தலைமையாசிரியை தவ்ஹீதா கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அந்தக் கைய நான் பாக்கணும்,” என்றார் ஃபிக்ரியா அம்மா.

ஸ்டோர்காரர் பகூம் அண்ணன் சாவிக்கொத்தோடு வந்தார். ஒன்று சொல்ல வேண்டும், பகூம் கெட்ட மனிதர் இல்லை. அரசாங்கச் சாமான் யார் பேரில் எழுதியிருக்கிறதோ அவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உடைந்தாலும் தேய்ந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் எங்கள் ஸ்டோரில் எதுவுமே தேய்வதில்லை. தர்மாமீட்டர்கூடப் பெட்டியை விட்டு வெளியே வந்து வெயிலைப் பார்த்ததில்லை. பெண்கள் பாடத்தைப் படத்தில் பார்த்துப் படித்தார்கள்.

அலமாரிக்குள் ரப்பர் கை பிளாஸ்டிக் உறையோடு படுத்திருந்தது. வந்த நாளில் கட்டிய நூல்கூட அவிழவில்லை.

“பழகி முடிச்சதும் துடைச்சு, திருப்பிக் கட்டி வச்சிடுவோம்,” என்றார் தவ்ஹீதா. அவர் கழுத்து சிவந்துவிட்டது.

“உம் ரஜப், கர்கதே இருக்கா?”

எனக்கு ஆச்சரியம். இந்த அம்மா நம் கையால் ஒன்றைக் குடிக்கப் போகிறாரே! “இருக்கும்மா. சர்க்கரை போட்டுக் கொண்டு வரேன்.”

“சர்க்கரை வேண்டாம். ஆற வச்சுக் கொண்டாங்க.”

காய்ந்த செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து, ரத்தம் போலச் சிவந்த சாறை ஆற்றிக் கொண்டுபோனேன். அவர் குடிக்கவில்லை. ரப்பர் கையின் தோள் பக்கத்துக் குழாயில் அதை ஊற்றி, குழாய் வாயை இறுக்கிக் கட்டி, கையை மேலே தூக்கிப் பிழிந்தார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

“ஆயிரத்துக்கு மேல குத்து வாங்கின கை,” என்றார். “சல்லடை மாதிரி ஒழுகணுமே, தவ்ஹீதா.”

“எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் எழுதுறாங்க, ஃபிக்ரியாக்கா. நம்ம பொண்ணுங்க நல்ல பொண்ணுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா பழகிடுவாங்க.”

“யார் கையில பழகுவாங்க?”

இனி எல்லாம் ஃபிக்ரியா அம்மா எழுதுவதில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தை மூடு என்று எழுதினால் அன்றைக்கே மூடிவிடுவார்கள். எல்லாம் சரி என்று எழுதினால் இருபத்தெட்டுப் பேரும் தேர்வுக்குப் போவார்கள். நான் மனசுக்குள் ஓதிக்கொண்டே நின்றேன். அவர் இரண்டையும் எழுதவில்லை. பகூமைப் பார்த்தார்.

“இந்தக் கைய என் பேருக்கு மாத்தி எழுதுங்க.”

“அம்மா, யோசிச்சுக்குங்க. ஒரு ஓட்டை விழுந்தாலும்...”

“ஆயிரம் விழும்.”

“கன்னி மரியாயே!” என்று பகூம் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று பிரதி எழுதி, முத்திரை குத்தி, தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவதுபோல அந்த ரப்பர் கையைக் கொடுத்தார். முதல் பெண் ஊசியை எடுத்ததும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபிக்ரியா அம்மா வந்தார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. பெண்கள் வரிசையில் நின்று குத்தினார்கள். மூன்றாவது வாரத்துக்குள் கை ஒழுக ஆரம்பித்துவிட்டது. தரையெல்லாம் சிவப்பு. என் துடைப்புத் துணி ஒன்றுகூட வெள்ளையாக மிஞ்சவில்லை. “இது பள்ளிக்கூடமா, ஆடு அறுக்கிற இடமா?” என்று நான் கத்துவேன். பெண்கள் சிரிப்பார்கள். நஜாத் மட்டும் சிரிக்க மாட்டாள். ஊசி அவளுக்கு ஒரே தடவையில் நரம்பில் ஏறாது. உள்ளே விடுவாள், வெளியே எடுப்பாள், மறுபடி விடுவாள். நான் அதைப் பார்க்காதவள்போல் துடைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசிச் சனிக்கிழமை நிஜக் கை. ஒருத்திக்கு ஒருத்தி நரம்பு தேடி ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் பயந்து பின்வாங்கியதும் ஃபிக்ரியா அம்மா தன் இடது கையின் துணியைச் சுருட்டி நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். கான்வாஸ் செருப்புக்குள் அவர் கால்விரல் எல்லாம் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

“என்னம்மா?” என்று மெல்லக் கேட்டேன்.

“எனக்கு ஊசின்னா பயம், உம் ரஜப். சின்ன வயசுலேர்ந்து. வெளிய சொல்லிடாதீங்க.”

அவர் உயிரோடு இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும், இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கே அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருபத்தைந்து பெயர். அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்த பெண் முடித்துவிட்டாள். நான் இன்னும் காத்துக்கொண்டு நின்றேன். நஜாத் என்ற பெயர் வரவே இல்லை.

கைகழுவும் தொட்டியருகே அவரைப் பிடித்தேன். “என் பொண்ணு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினா? உங்க ஓட்டைக் கை ஒழுகினதெல்லாம் யாரு தொடைச்சது? நான்! உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, கல்லா?”

“நீங்கதான் தொடைச்சீங்க. தெரியும்.”

“தெரிஞ்சும் என்ன? பேர எழுதுங்க!”

அவர் பையைக் கீழே வைத்தார். பிரிக்காத ஊசி ஒன்றை எடுத்தார். “நஜாத், கை கழுவிட்டு வா. உம் ரஜப், உங்க கைய நீட்டுங்க. அவ போடட்டும். ஒரே தடவைல நரம்பு கெடச்சா இப்பவே எழுதுறேன்.”

நஜாத் கழுவிய கையோடு என் முன்னால் நின்றாள். நான் நீட்டத்தான் நினைத்தேன். அல்லாஹ் மேல் ஆணை, நினைத்தேன். ஆனால் என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. என் மகள் அதைப் பார்த்தாள். ஃபிக்ரியா அம்மாவும் பார்த்தார். ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

“அடுத்த வருஷம்,” என்றார் மெதுவாக.

“அடுத்த வருஷம் கிடையாது. ஹாஜி விடமாட்டாரு.”

“ஹாஜி வீடு எங்க இருக்கு?”

நாலு மணி ரயிலை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். ஹாஜி மஹ்ரூஸ் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் உட்காரச் சொன்னார். டீ வந்தது. இந்த அம்மா குடிக்க மாட்டாரே, ஹாஜி கோபித்துக்கொள்வாரே என்று எனக்கு உயிரே போயிற்று. அவர் தம்ளரை எடுத்தார். மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, அடி தெரியக் குடித்து, இன்னொரு தம்ளர் கேட்டார்.

“ஹாஜி சர்க்கரை போட்டுக்கலையே?” என்றார் பிறகு.

“நான் சர்க்கரை வியாதிக்காரன், எங்க போட்டுக்க! ஆறு வருஷமா காலைல எழுந்தா ஊசிதான்.”

“யாரு போடுறாங்க?”

“சுகாதார நிலையத்துல தஹானின்னு ஒரு பொண்ணு. தங்கமான கை. போட்டதே தெரியாது. அவ லீவுல போனா அன்னைக்கு நான் வீட்டை விட்டே கிளம்ப மாட்டேன்.”

“அவளை நான் ஒரு வருஷம் நிறுத்தி வச்சேன், ஹாஜி.”

ஹாஜி தம்ளரைக் கீழே வைத்தார். “தஹானியையா?”

“தஹானியைத்தான். அவ அப்பா தடியோட ரயிலடிக்கே வந்துட்டாரு. இவங்க பரவாயில்ல, வெறுங்கையோட வந்தாங்க,” என்று என்னைக் காட்டினார்.

ஹாஜி சட்டைக்கு மேலேயே, ஊசி போட்டுக்கொள்கிற இடத்தைத் தடவினார். பிறகு நஜாத்தைப் பார்த்து, “என்ன முழிக்கிற? இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ரொட்டி எடுத்து வை. ஒரு வருஷம் படிக்கப்போற, நின்னுக்கிட்டேவா படிப்ப?” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்டோர் தணிக்கைக்கு ஆள் வந்தது. ரப்பர் கையில் ஓட்டை, அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று எழுதி ஃபிக்ரியா அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் கூப்பிடாமலே பகூம் அண்ணன் சாட்சி சொல்லக் கூடப் போனார். ஸ்டோரை விட்டு அந்த மனிதர் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. ஏன் இப்படிக் கெட்டுப்போயிற்று என்று அதிகாரி கேட்டாராம். “இது கெடலைங்க ஐயா, இதுதான் வேலை செஞ்ச சாமான்,” என்று இந்த அம்மா வாயைத் திறக்கும் முன்னால் பகூமே சொல்லிவிட்டாராம். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அந்த அம்மா அதில் ரொட்டியைச் சுற்றி ரயிலில் சாப்பிட்டார் என்பது பகூம் சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

நஜாத் அந்த வருஷம் முழுவதும் அந்த ஓட்டைக் கையோடு கிடந்தாள். அடுத்த சோதனைக்கு ஃபிக்ரியா அம்மா வந்தபோது நான் சோப்பை நனைத்து வைக்கவில்லை. நனைக்க வேண்டிய தேவை இல்லை, பாதி கரைந்திருந்தது.

“உம் ரஜப்,” என்று அவர் தொடங்கும்போதே நான் கையின் துணியைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நஜாத் கை கழுவினாள். என் மேல்கையில் பட்டையைக் கட்டினாள். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். எனக்குத் தெரியும் முன் ஊசிக்குள் சிவப்பு ஏறிவிட்டது.

“வலிச்சுதா?” என்று ஃபிக்ரியா அம்மா கேட்டார்.

“இல்லவே இல்ல.”

“பொய்,” என்றார். ஆனால் நஜாத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, “ஒரு டீ கொடுங்க, உம் ரஜப்,” என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் டீ கேட்பது இதுதான் முதல் தடவை. நான் எழுந்திருக்கவில்லை. கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னேன்: “முதல்ல பேர எழுதுங்க. டீ அப்புறம்.”

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். எழுதி முடித்து, தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார், எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனேன். மூன்று கரண்டி சர்க்கரை போட்டேன்.