ரன்னிங் சார்ட்டில் எழுதிய பொய்

கண்டியில் ஒரு மாகாணத் திணைக்களத்தில் வாகனங்களுக்கு அனுமதி கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு பயணத்தின் காரணத்தையும் 'ரன்னிங் சார்ட்' என்ற பயணப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒரு காலை சாரதி செல்வராஜ் பதறிக்கொண்டு வந்தார்.

"ஐயா, சம்சாரத்துக்கு நெஞ்சு வலின்னு போன் வந்துச்சு. கலகெதர வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டு வந்துடுறேன். ஆபிஸ் வேன் சும்மாதானே நிக்குது?"

"ரன்னிங் சார்ட்டில பயணக் காரணம் என்னெண்டு எழுதுறது? சொந்த அலுவலுக்கு வாகனம் தரேலாது" என்றேன்.

பஸ்ஸில் போனார். அவர் வீடு போய்ச் சேருமுன்பே மனைவி இறந்துவிட்டார்.

மறுநாள் மரண வீட்டுக்கு நாங்கள் எட்டுப் பேர் அதே வேனில் போனோம். பயணக் காரணம் என்ற இடத்தில் 'கள ஆய்வு' என்று நான்தான் எழுதினேன்.

வாசலில் நின்ற செல்வராஜ் வேனையே பார்த்தார். பிறகு, "வாங்கய்யா" என்றார்.

அந்தப் பொய்யை ஒரு நாள் முந்தி எழுத எனக்கு மனம் வரவில்லை.